பெட்டி மேல் இருக்கிற படம் தெரியாது, ஆனாலும் வாங்கலாம்: ஒரு 130 மி.மீ. தொலைநோக்கி

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊதாவும் ரோஸுமாக ஒரு நெபுலா, அதாவது வானத்து வாயு மேகம், அதற்கு முன்னால் வளையத்தை அகல விரித்துக்கொண்டு சனி. ரெண்டுமே இந்தக் கருவியில் அப்படித் தெரியாது. இதைவிட நாலு மடங்கு விலை கொடுத்தாலும் கண்ணால் பார்க்கும்போது அந்தக் கலர் வராது. நான் குளச்சலில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவன். கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை, பால்காய்ப்பு என்று எடுத்துப் பிழைக்கிறவன். அதனால் அந்தப் படம் எப்படி வந்திருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. கேமராவை மணிக்கணக்கில் வானத்தைப் பார்த்துத் திறந்து வைத்து, எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கம்ப்யூட்டரில் கலரைத் தூக்கியிருக்கிறார்கள். நம் கண் அப்படி ஒளியைச் சேர்த்து வைக்காது. வந்ததைக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். மங்கலில் அதற்கு நிறமும் பிரிக்கத் தெரியாது. ஆகவே ஓரியன் நெபுலா என்பது சாம்பல் நிறத்தில் ஒரு புகை, அதன் நடுவில் நெருக்கமாக நாலு நட்சத்திரம். அவ்வளவுதான். அது போதும் என்கிறவர்கள் மேலே படிக்கலாம்.

கருவி இதுதான். 130 மி.மீ. விட்டமுள்ள குழியாடி, குவியத் தூரம் 650 மி.மீ., போட்டோக்காரர் கணக்கில் எஃப் 5. கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. என்று ரெண்டு கண்வில்லைகள் வருகின்றன. 650-ஐ அவற்றால் வகுத்தால் 26 மடங்கு, 65 மடங்கு பெரிதாகக் காட்டும். மூன்று கால் ஸ்டாண்டு கிடையாது. மரப்பலகையில் செய்த ஒரு கை, அதில் குழாய், கீழே சுழலும் தட்டு. மேசைமேல் வைத்துக் கையால் தள்ளித் திருப்ப வேண்டும். மோட்டார் இல்லை, செல்போனோடு இணைப்பதும் இல்லை. 2025 ஜனவரியில் ஆன்லைனில் 24,500 ரூபாய்க்கு வாங்கினேன். இதே அளவும் அமைப்பும் பல பிராண்டுகளில் கிடைக்கின்றன. இங்கே எழுதுவது ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும், அதனால் பெயர் சொல்லவில்லை.

இதே விலைக்கு மூன்று காலில் நிற்கிற, எடைக்கட்டி தொங்குகிற, பார்க்க நல்ல கெத்தாக இருக்கிற தொலைநோக்கியும் கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் அதை வாங்க வேண்டாம் என்பேன். காரணம் இருக்கிறது. அந்த வகை ஸ்டாண்டின் அச்சை வான துருவத்தை, அதாவது துருவ நட்சத்திரம் நிற்கிற இடத்தை, நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. லண்டனில் 51 பாகை, டெல்லியில் 28. நமக்கு வெறும் 8. இங்கே வடக்கே துருவ நட்சத்திரத்தைத் தேடினால் தென்னந்தோப்புதான் தெரியும். அச்சை 8 பாகைக்கு இறக்கினால் அது கிட்டத்தட்டப் படுத்துவிடும், எடைக்கட்டியின் கம்பி ஸ்டாண்டின் காலில் போய் இடிக்கும். நாகர்கோவிலில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இந்தக் கூத்தைக் கண்ணால் பார்த்தேன். அவர் அதை ஹாலில் ஷோவுக்கு வைத்திருக்கிறார்.

இன்னொன்று, நம் ஊரில் நல்ல பொருள்கள் எல்லாம் தலைக்கு நேர் மேலே வரும். ரோகிணி, திருவாதிரை, புனர்பூசம், வியாழன் எல்லாம் உச்சியை ஒட்டித்தான் போகும். லென்ஸ் வைத்த நீளக் குழாயாக இருந்தால் அதன் அடியில் மல்லாந்து கிடந்து பார்க்க வேண்டும். இதில் கண்வில்லை குழாயின் மேல்முனையில் பக்கவாட்டில் இருக்கிறது, முக்காலி போட்டு உட்கார்ந்தால் கழுத்து வலிக்காது. நியூட்டன் 1668-ல் செய்த அதே ஏற்பாடு: கீழே குழியாடி, மேலே சாய்த்து வைத்த சின்னக் கண்ணாடி, பக்கத்தில் கண். குறை ஒன்று உண்டு. சரியாக உச்சியில் நிற்கிற பொருளை இடம் வலமாகத் திருப்புவது பெரும்பாடு. குழாய் செங்குத்தாக நிற்கும்போது சுழல்தட்டைச் சுற்றினாலும் பார்வை நகராது. அரைமணி நேரம் பொறுத்தால் பொருள் தானாகச் சரிந்து வந்துவிடும்.

இந்தத் தட்டுமர ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு, விவேகானந்தர் பாறையைத் தினமும் பார்க்கிற மாவட்டத்துக்காரனாக அதைச் சொல்லாமல் விட மனசில்லை. இதைப் பரப்பியவர் ஜான் டாப்சன், பெய்ஜிங்கில் பிறந்த அமெரிக்கர். 1944-ல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ணர் மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். கையில் காசில்லாத சாமியார், கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார், அட்டைக்குழாயைக் குழாயாக்கினார், பிளைவுட்டில் ஸ்டாண்டு செய்தார். ராத்திரி மடத்தைவிட்டு வெளியே போய்த் தெருவில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். 1967-ல் மடத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறமும் நடைபாதையில்தான் நின்றார். நான் கொடுத்த 24,500-ல் ஸ்டாண்டுக்கு அதிகம் போகவில்லை, பெரும்பகுதி கண்ணாடிக்குப் போயிருக்கிறது. அதற்கு அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சரி, பொருள் வந்த நிலைமை. கூரியரில் குலுங்கியதில் குழியாடி கோணிப்போய் வந்தது. நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் ஒரு பக்கம் வால் இழுத்தது. விற்றவரிடம் கேட்டால் "அது நார்மல் சார்" என்ற பதிலோடு முடித்துக்கொண்டார். உண்மையில் இந்த வகைக்கு இது வழக்கம்தான், ஆனால் சரிசெய்வது எப்படி என்று ஒரு வரி பெட்டிக்குள் போட்டிருக்கலாம். பழைய 35 மி.மீ. ஃபிலிம் ரோல் டப்பா ஒன்றை எடுத்து, அடியை வெட்டி, மூடியின் நட்டநடுவில் ஊசித் துளை போட்டேன். கண்வில்லை போடுகிற ஓட்டைக்கு அளவெடுத்துச் செய்தமாதிரி அது பொருந்தும். துளை வழியாகப் பார்த்துக்கொண்டே ஆடிக்குப் பின்னால் இருக்கிற மூன்று திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால், வட்டத்துக்குள் வட்டம் வந்து உட்காரும். காசு கொடுத்து விற்கிற கருவி வேண்டியதில்லை, பழைய ஸ்டூடியோ எதிலாவது ஒரு டப்பா கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்ற குறைகள்: ஃபோகஸ் திருகில் ஆட்டம் இருக்கிறது. பிளம்பர் டேப் ரெண்டு சுற்றுச் சுற்றினால் நிற்கும். குறிபார்க்கிற சிவப்புப் புள்ளிக் கருவியை அணைக்க மறந்தால் பட்டன் பேட்டரி தீர்ந்துபோகும். 10 மி.மீ. கண்வில்லை சுமார். கையேடு ஏதோ குளிர்தேசத்தாருக்கு எழுதியது, முதல் வேலையாகத் துருவ நட்சத்திரத்தைப் பிடி என்கிறது. அதை அப்படியே மூடி வைத்துவிடலாம்.

இனி எதற்காக வாங்கலாம் என்பதற்கு வருகிறேன். பூமிதான் நடுவில் என்று நம்பிய உலகத்தை எந்தெந்தக் காட்சி அசைத்ததோ, அவற்றை ஒவ்வொன்றாக நம் வீட்டு மொட்டை மாடியிலேயே பார்த்துவிடலாம். கலிலியோ கையில் இருந்த நல்ல கருவி ஏறக்குறைய 20 மடங்குதான். இதன் சின்ன உருப்பெருக்கமே 26.

வியாழனை ஜனவரியில் பிடித்தேன், ரோகிணிக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு தட்டையான வட்டு, அதன் குறுக்கே மங்கலாக ரெண்டு பட்டை, ரெண்டு பக்கமும் ஒரே கோட்டில் நாலு புள்ளிகள், அதன் நிலாக்கள். 1610 ஜனவரி 7-ஆம் தேதி கலிலியோவுக்கு மூன்றுதான் தெரிந்தது, கிழக்கே ரெண்டு, மேற்கே ஒன்று. பின்னால் இருக்கிற நட்சத்திரங்கள் என்று நினைத்தார். மறுநாள் மூன்றும் மேற்கே. 13-ஆம் தேதி நாலாவதும் வந்து சேர்ந்தது. நான் ஸ்டூடியோ பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் நடுவில் ஒரு வட்டம், பக்கத்தில் புள்ளிகள் என்று ராத்திரிதோறும் போட்டு வைத்தேன். ஒரு நாள் மூன்று புள்ளி, ஒரு நாள் நாலும் ஒரே பக்கம். அயோ என்கிற உள் நிலா 42 மணி நேரச் சொச்சத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும், அதனால் சாயங்காலம் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்பப் பார்த்தாலே இடம் மாறியிருக்கும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று என் மகளும் கேட்டாள். அந்தக் காலத்தில் பூமி நகர்கிறது என்று சொன்னவர்களை மடக்க ஒரு கேள்வி இருந்தது: பூமி ஓடினால் நிலா பின்தங்கிப் போகாதா? வியாழன் நகர்கிறது என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அது நாலு நிலாவைக் கூட்டிக்கொண்டே போகிறதே! கேள்வி அத்தோடு செத்தது. இந்த அயோவை வைத்தே 1676-ல் ரோமர் என்ற டென்மார்க்காரர் ஒளிக்கும் வேகம் உண்டு என்று காட்டினார். பூமி வியாழனைவிட்டு விலகிப்போகும் மாதங்களில் அயோவின் கிரகணங்கள் கணக்குக்குப் பிந்தி வந்தன, கிட்டே நெருங்கும்போது முந்தி வந்தன. தாமதம் அயோவினுடையது இல்லை, சேதி வந்து சேருகிற நேரம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது வெள்ளி. தவக்காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது, ஸ்டூடியோக்காரனுக்கு அது ஓய்வுக்காலம். 2025 மார்ச் முதல் வாரம் பொழுது சாய்ந்ததும் மேற்கே வெள்ளி பளபளவென்று நின்றது. நன்றாக இருட்டினால் அதன் பிரகாசம் கண்ணைக் கூசும், உருவம் கலங்கும். வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். எங்கள் தெருவில் கட்டுமரக் காலத்திலிருந்து கடலுக்குப் போன ஒரு பெரியவர் இருக்கிறார். மாடிக்கு அழைத்து வந்து காட்டினேன். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வைத்து, கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"என்ன மக்கா, வெள்ளி நிலாவு மாதிரி தேஞ்சு கெடக்கு?"

"ஆமா மாமா, அதுக்கும் பிறை உண்டு."

"கடல்ல கெடந்து எத்தன வருசம் பாத்திருக்கேன், இதக் கண்டதில்ல பாத்துக்க."

காண முடியாது, வெறும் கண்ணுக்கு அது புள்ளிதான். ஜனவரியில் பார்த்தபோது அது பாதி நிலா வடிவில் இருந்தது, மார்ச்சில் மெல்லிய பிறை, ஆனால் அளவில் ரெண்டு மடங்குக்கும் மேல். பிறகு சூரியப் பக்கம் போய் மறைந்து, விடிவெள்ளியாகக் கிழக்கே வந்தது. செப்டம்பர் விடியலில் சின்னதாக, கிட்டத்தட்ட முழு வட்டமாக நின்றது. விஷயம் அந்த முழு வட்டத்தில்தான் இருக்கிறது. பூமியை நடுவில் வைத்துத் தாலமி என்ற பழங்கால வானியலாளர் வகுத்த கணக்கில் வெள்ளி எப்போதும் சூரியனுக்கு இந்தப் பக்கம், நமக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கும். அப்படி இருந்தால் பிறையைத் தாண்டி அது வளரவே முடியாது. சிறிதாகி முழுசாகத் தெரிகிறது என்றால் சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது, அதாவது சூரியனைச் சுற்றுகிறது. 1610 கடைசியில் கலிலியோ இதைத் தொடர்ந்து பார்த்துத்தான் சொன்னார். பூமி சுற்றுகிறது என்பதற்கு இது மட்டுமே சாட்சி ஆகிவிடாது. கிரகங்கள் சூரியனைச் சுற்றட்டும், சூரியன் அவற்றோடு பூமியைச் சுற்றட்டும் என்று டைக்கோ பிராகி என்ற டென்மார்க் வானியலாளர் ஒரு திட்டம் வைத்திருந்தார், வெள்ளியின் பிறை அதற்கும் ஒத்துவரும். ஆனால் தாலமியின் கணக்கு அந்த இடத்தோடு போயிற்று.

சனி விஷயத்தில் என்னைப் போல 2025-ல் வாங்கியவர்களுக்கு யோகம் இல்லை என்று சொல்வார்கள். 15 வருடத்துக்கு ஒரு தடவை போல அதன் வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பி, விளிம்பு மட்டும் தெரியும். 2025 மார்ச்சில் அப்படித் திரும்பியது, அப்போது சனி சூரியனுக்குப் பக்கத்தில் இருந்ததால் பார்க்கவும் வழியில்லை. செப்டம்பரில் நள்ளிரவில் உச்சிக்கு வந்தபோது 65 மடங்கில் ஓர் உருண்டை, அதன் குறுக்கே ஒரு கோடு. பெட்டிப் படத்தை நம்பி வந்த பக்கத்து வீட்டுப் பையன் "இவ்வளவுதானா அண்ணே" என்று இறங்கிப் போய்விட்டான்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலிலியோவைக் குழப்பியடித்ததே இதுதான். 1610-ல் சனிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு காது மாதிரி ஏதோ இருந்தது, மூன்று உருண்டைகள் என்று எழுதினார். 1612-ல் பார்த்தால் காதுகள் காணவில்லை. சனி தன் பிள்ளைகளைத் தின்றுவிட்டதோ என்று கேட்டு எழுதும் அளவுக்கு மனுஷன் தடுமாறிப்போனார். ஹைகன்ஸ் என்ற டச்சுக்காரர் 1659-ல்தான் விடை சொன்னார்: எதையும் தொடாமல் சுற்றி நிற்கிற மெல்லிய தட்டை வளையம், அது சாய்ந்திருப்பதால் சில வருடம் விரிந்து தெரியும், சில வருடம் மறையும். வளையம் மெல்லியது என்பதை அந்தக் கோட்டைப் பார்த்தால்தான் நம்ப முடியும். இனி ஒவ்வொரு வருடமும் அது விரியும், 2032 வாக்கில் முழுசாகத் தெரியும். இப்போது வாங்குகிறவர்களுக்கு லாபம்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஐரோப்பாக்காரனும் பார்க்கிறது. நமக்கு மட்டும் கிடைக்கிற பங்கு தெற்கே இருக்கிறது. பிப்ரவரி ராத்திரியில் தெற்கே நல்ல வெளிச்சமாக நிற்பது அகத்தியர் நட்சத்திரம், ஆங்கிலத்தில் கனோபஸ். அகத்தியர் மலை நமக்கு நேர் வடக்கே, அவர் நட்சத்திரம் தெற்கே கடலுக்கு மேலே ஏறக்குறைய 29 பாகை உயரத்தில். நான் மேலே சொன்ன பெரியவர் அது சாய்வதை வைத்தே ராத்திரி எத்தனை நாழி ஆயிற்று என்று சொல்லிவிடுவார். இதே நட்சத்திரத்தை வைத்துத்தான் கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டில் போசிடோனியஸ் என்ற கிரேக்கர் பூமியை அளக்கப் பார்த்தார். ரோட்ஸ் தீவில் அது அடிவானத்தை ஒட்டி உரசிவிட்டு மறைகிறது, அலெக்சாண்ட்ரியாவில் வட்டத்தில் 48-ல் ஒரு பங்கு உயரம் ஏறுகிறது. அப்படியானால் ரெண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் பூமிச் சுற்றளவில் 48-ல் ஒரு பங்கு. அளவுகள் துல்லியமில்லை, வழி சரி. நட்சத்திரம் ஊருக்கு ஊர் ஏறி இறங்குகிறது என்றால் தரை வளைந்திருக்கிறது.

ஏப்ரலில் பத்து மணிக்கு மேல் தெற்கே திரும்பினால் ஒமேகா சென்டாரி. தாலமி தன் பட்டியலில் அதை நட்சத்திரம் என்று எழுதினார். 1677-ல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஹாலி என்ற ஆங்கிலேய வானியலாளர் அது நட்சத்திரம் இல்லை, மங்கலான ஒரு திட்டு என்று கண்டார். இன்றைக்குத் தெரியும், ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த கொத்து, 17,000 ஒளியாண்டுத் தொலைவு. 26 மடங்கில் ஒரு பனி உருண்டை. 65-க்குப் போய்க் கொஞ்ச நேரம் கண்ணைப் பழக்கினால் ஓரத்தில் ரவை ரவையாக உதிர ஆரம்பிக்கும். லண்டன்காரனுக்கு இது அடிவானத்துக்கு மேலேயே வராது. இந்த ஒன்றுக்காகவே இந்தக் கருவிக்கு நான் ஒரு மார்க் கூடப் போடுவேன்.

2025 செப்டம்பர் 7-ஆம் தேதி முழுச் சந்திர கிரகணத்துக்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை, ஆனாலும் வைத்துப் பார்த்தோம். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் விளிம்பு கறுக்கத் தொடங்கியது, பதினொன்றுக்கு முழுசாகச் செம்பு நிறம். நிழலின் ஓரம் வளைவாக இருப்பதை வைத்துத்தான் அரிஸ்டாட்டில் பூமி உருண்டை என்றார். விழுவது பூமியின் நிழல்தான் என்று நம் ஆரியபட்டர் 499-லேயே எழுதிவைத்தார்.

பராமரிப்புக்கு வருகிறேன், நம் மாவட்டத்தில் இதுதான் பெரிய தலைவலி. இங்கே தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், அக்டோபர், நவம்பரும் பெரும்பாலும் மேகம்தான். பணம் போட்டவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கடற்கரை ஊரில் உப்புக்காற்று ஆடியின் பூச்சை அரிக்கும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். கேமரா லென்ஸுக்குச் செய்வதையே இதற்கும் செய்கிறேன். பார்த்து முடித்ததும் துடைக்காமல் காயவிட்டு, மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கிறேன். ஆடியைத் துணியால் துடைக்கவே கூடாது, தூசி அதன்பாட்டில் இருக்கட்டும். குழாயின் மேல்பாதி திறந்த அமைப்பு என்பதால் துறைமுக விளக்கும் கோயில் திருவிழா சீரியல் பல்பும் உள்ளே புகுந்து படத்தை வெளுக்கும். கறுப்பு ஆல்பம் அட்டையைச் சுருட்டிச் சொருகினால் பாதிப் பிரச்சினை தீரும். காங்கிரீட் மாடி பகல் சூட்டை ராத்திரி பத்து மணி வரை விட்டுக்கொண்டே இருக்கும், அதுவரை கிரகங்கள் தண்ணீருக்குள் நடுங்குகிற மாதிரிதான் தெரியும். பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் வைத்துவிட்டுக் கருவி ஆடுகிறது என்று குறை சொல்லாதீர்கள். ஆட்களை உட்கார வைத்து போட்டோ எடுக்கிற கனமான மர முக்காலிதான் எனக்குக் கைகொடுக்கிறது.

கூட வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, 6 மி.மீ. கண்வில்லை. 108 மடங்கு வரும், வியாழனுக்கும் சனிக்கும் அதுதான் சரி. '500 மடங்கு' என்று எழுதி ஒட்டிய கண்வில்லைகளைத் தொடாதீர்கள், இந்த அளவு ஆடிக்கு 250-க்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். செல்போனைக் கண்வில்லையில் வைத்து நிலாவைப் படம் எடுக்கலாம், அழகாக வரும். மற்றதைப் படம் எடுக்க இது இல்லை, அந்த ஆசை இருந்தால் வேறு கருவிக்குக் காசு சேருங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பகலில் இதை வெளியே வைக்கவே வேண்டாம். இதன் வழியாகச் சூரியனைப் பார்த்தால் நொடியில் கண் போய்விடும்.

வாங்குவதானால் டிசம்பர் கடைசியில் வாங்குங்கள். ஜூனில் வாங்கினால் ஓணம் வரைக்கும் மழையைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்.